நேர் கிழக்கே தாழ்ந்த நிலம்

தம்பிலுவில் கடற்கரையிலிருந்து வரைபடத்தில் நேர் கிழக்கே ஒரு கோடு கீறினால், இடையில் எந்தத் தரையையும் தொடாமல் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் ஓடி, பெரிய நிக்கோபார் தீவில் போய் முட்டும். இரண்டு இடங்களும் வடக்கு 7 பாகை அகலக்கோட்டை ஒட்டியே இருக்கின்றன. அந்தத் தீவின் தென்முனைக்கு இந்திராமுனை என்று பெயர். அங்கே ஒரு வெளிச்சவீடு உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை வரை தரையில் நின்ற அது, அன்றிலிருந்து கடலுக்குள் நிற்கிறது. அலை வந்து அதை இடம் மாற்றவில்லை. அது நின்ற தரைதான் 4.25 மீற்றர் கீழே இறங்கிவிட்டது.

சுனாமி வந்த அந்த நாளைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேசும்போது தண்ணீரைப் பற்றியே பேசுகிறோம். அது இயல்பு. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று நீளும் இந்தக் கரையில், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைத் தூக்கியது நிலம். எந்த இடத்து நிலம், எவ்வளவு நீளத்துக்கு, எத்தனை மீற்றர், மேலேயா கீழேயா என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்தால்தான், அலை ஏன் எங்களை நோக்கி வந்தது, ஏன் அந்த விதமாக வந்தது என்பது விளங்கும். அந்த விடைகளில் பெரும்பகுதியைத் தந்தவை செய்மதிப் படங்கள்.

முதலில் நிலத்தின் கதை. இலங்கையும் இந்தியாவும் ஒரே புவித்தகட்டின் மேல் இருக்கின்றன. அந்தத் தகடு ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் வடகிழக்காக நகர்ந்து, சுமாத்திராவிலிருந்து அந்தமான் வரை நீளும் ஆழ்கடல் அகழியில் மற்றொரு தகட்டின் கீழே இறங்குகிறது. இறங்கும் இடத்தில் இரண்டும் வழுக்கிக்கொண்டு போவதில்லை, பற்றிக்கொள்கின்றன. கீழே போகும் தகடு மேலுள்ளதன் விளிம்பையும் சேர்த்துக் கீழே இழுக்கிறது. விளிம்பு அமிழ அமிழ, அதற்குப் பின்னால் உள்ள பகுதி மெல்ல மேலே புடைக்கிறது. இப்படி நூற்றாண்டுக் கணக்கில் நடக்கும். பிடி விடும் நாளில், அதாவது நிலநடுக்கம் நிகழும்போது, எல்லாம் தலைகீழாகும். அமிழ்ந்திருந்த விளிம்பு சில நிமிடங்களில் மேலே எழும்பும். புடைத்திருந்த பின்பகுதி கீழே இறங்கும். இந்திராமுனை இறங்கியது அந்தப் பின்பகுதியில் இருந்ததால்தான். அதற்கு மேற்கே, அதாவது எங்கள் பக்கமாக, கடலின் அடித்தளம் எழுந்தது.

எழுந்த பகுதிக்கும் இறங்கிய பகுதிக்கும் நடுவே, ஏறாமலும் இறங்காமலும் இருந்த ஒரு கோடு இருக்கவேண்டும். அதைச் சுழற்கோடு எனலாம். அது எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்தால், பூமியின் ஆழத்தில் பிளவு எதுவரை போனது என்பதையும் அறியலாம். ஆனால் அந்தமான், நிக்கோபார் தீவுகள் பரந்துகிடப்பவை. போக்குவரத்துக் குறைந்தவை, பல தீவுகளில் காலடி வைக்கவே அனுமதி இல்லை. அன்றைய நிலையில் துறைமுகங்களும் உடைந்து கிடந்தன. அளவுகோலைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாகப் போவது நடக்கிற காரியம் அல்ல.

கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்தின் அரன் மெல்ற்ஸ்னர், கெரி சீ முதலானோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. அந்த வழியின் எளிமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் முருகைக்கல் பார். தீவுகளைச் சுற்றிக் கடல் மட்டத்தை ஒட்டியே முருகைக்கல் வளர்கிறது. தண்ணீர் வற்றும்போது அதன் மேற்பரப்பு வெளியே தெரியும், பெருகும்போது மூடிவிடும். நடுக்கத்துக்கு முன் எடுத்த செய்மதிப் படம் ஒன்று, பின் எடுத்த படம் ஒன்று, இரண்டிலும் அந்தப் பார் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்த்தார்கள். அதோடு அந்த இரண்டு கணங்களிலும் அங்கே வற்றுப்பெருக்கின்படி கடல் மட்டம் எங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். வற்றுப்பெருக்கு நிலாவையும் சூரியனையும் பொறுத்தது என்பதால், கடந்துபோன எந்த நாளின் எந்த நிமிடத்துக்கும் அதைக் கணித்துவிடலாம்.

உதாரணமாக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நடுக்கத்துக்கு முந்திய படம் எடுத்தபோது கடல் நன்றாக வற்றியிருந்தது, ஆனாலும் பார் தண்ணீருக்குள்தான் இருந்தது. பிந்திய படம் எடுத்தபோது கடல் அதைவிட ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தது. அப்படியிருந்தும் பார் காய்ந்து வெள்ளையாக வெளியே தெரிகிறது. அப்படியானால் அந்தத் தரை குறைந்தது ஒரு மீற்றராவது உயர்ந்திருக்கவேண்டும். இரண்டு மீற்றரும் உயர்ந்திருக்கலாம், அதை இந்த ஒரு சோடிப் படம் சொல்லாது. வேறொரு நாளில், வேறொரு கடல் மட்டத்தில் எடுத்த படம் கிடைத்தால் அந்த இடைவெளி சுருங்கும். இப்படிப் படம் படமாக ஒப்பிட்டு, மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் நெருக்கிக்கொண்டே போனார்கள். படத்தில் ஒரு புள்ளி தரையில் பல மீற்றர் அகலம். அந்தப் படத்தைக் கொண்டு ஒரு மீற்றர் உயர மாற்றத்தை அளந்ததுதான் இதிலுள்ள சாதனை. உயரத்தைப் படம் அளக்கவில்லை, கடல் அளந்தது. படம் சாட்சி சொன்னது.

வடக்குச் சென்டினல் தீவை இதற்கு நல்ல சாட்சியாகச் சொல்லலாம். வெளியாருடன் தொடர்பை விரும்பாத ஒரு மக்கள் அங்கே வாழ்கிறார்கள். இந்திய அரசு எவரையும் அத்தீவை அணுக விடுவதில்லை, விடவும் கூடாது. நில அளவையாளர் கால் வைக்க முடியாத அத்தீவைச் சுற்றி, நடுக்கத்துக்குப் பின் எடுத்த படங்களில் அகலமான வெண்ணிற வளையம் ஒன்று தெரிந்தது. கடலுக்குள் இருந்த பார் முழுவதும் மேலே வந்திருந்தது. தீவு ஒன்று முதல் இரண்டு மீற்றர் வரை எழுந்துவிட்டது. அங்கிருந்து கிழக்கே 50 கிலோமீற்றர் அளவில் இருக்கும் போர்ட் பிளேயரோ, இன்றைய பெயரில் ஸ்ரீ விஜயபுரம், ஏறத்தாழ ஒரு மீற்றர் கீழே இறங்கியிருந்தது. சுழற்கோடு இந்த இரண்டுக்கும் நடுவே போகிறது. அந்தத் தீவு மக்களின் வாழ்வில் குறுக்கிடாமல் அவர்களுடைய நிலத்துக்கு நேர்ந்ததை அறிய முடிந்ததை, இந்த அறிவியலின் மதிப்புமிக்க பக்கமாகவே நான் கருதுகிறேன்.

இப்படிக் கோர்த்துப் பார்த்தபோது, எழுந்த நிலம் சுமாத்திராவுக்கு அருகே சிமெலுயே தீவின் நடுப்பகுதியில் தொடங்கி, மியன்மாருக்குச் சொந்தமான பிரெபாரிஸ் தீவு வரை போயிருந்தது. நீளம் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். முதல் நாளில் இதன் அளவை உலகம் உணரவில்லை. ஹவாயில் உள்ள எச்சரிக்கை நிலையம் முதலில் 8.0 என்று கணித்து, பிறகு 8.5 என்று திருத்தியது. இன்று சொல்லப்படும் அளவு 9.1 முதல் 9.3 வரை. பிளவு ஒரே வெடிப்பாக நடக்கவில்லை. தெற்கில் தொடங்கி எட்டுப் பத்து நிமிடம் வடக்கு நோக்கி ஓடியது. அதனால்தான் தொடக்கக் கணிப்புகள் தாழ்ந்துபோயின. வடக்குப் பாதி உண்மையில் எவ்வளவு அசைந்தது என்பதை உறுதி செய்ததில் அந்தமானின் முருகைக்கற்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த நீளமும் அதன் திசையும்தான் எங்கள் கரையின் விதியை முடிவு செய்தன. வடக்குத் தெற்காக நீண்ட ஒரு தரைத்துண்டு எழும்பும்போது, அதன் மேலுள்ள நீரின் விசை பெரும்பாலும் அதற்குச் செங்குத்தாக, கிழக்காகவும் மேற்காகவும்தான் போகும். கிழக்கே தாய்லாந்து இருந்தது. மேற்கே இலங்கையின் கிழக்குக் கரையும் தமிழ்நாட்டுக் கரையும் இருந்தன. வடக்கே, தாழ்ந்த கரைகளைக் கொண்ட வங்கதேசத்தில் இழப்பு மிகக் குறைவு. நாகப்பட்டினமும் கல்முனையும் ஒரே காலையில் அழிந்ததற்கும், அந்த நாடு தப்பியதற்கும் காரணம் இந்தத் திசைதான்.

திசையோடு முடியவில்லை. சுழற்கோட்டின் கிழக்கே நிலம் இறங்கியது, மேற்கே எழுந்தது என்றேன் அல்லவா? கிழக்கு நோக்கிப் புறப்பட்ட அலையின் முன்பகுதி பள்ளமாக இருந்தது. அதனால் தாய்லாந்தின் புக்கெட்டிலும் காவ் லாக்கிலும் கடல் முதலில் உள்வாங்கியது, பிறகே பொங்கி வந்தது. மேற்கு நோக்கி, எங்களிடம் புறப்பட்ட அலையின் முன்பகுதி மேடு. இங்கே முதலில் வந்ததே தண்ணீர்தான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'கடல் உள்வாங்கினால் ஓடுங்கள்' என்ற அறிவுரை பள்ளிக்கூடங்களில் சொல்லப்படுகிறது. நல்ல அறிவுரை, எங்கும் சொல்லத்தக்கது. ஆனால் நிக்கோபார் பக்கத்திலிருந்து வரும் அலைக்கு முன் எங்கள் கரையில் கடல் உள்வாங்காமலும் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 'நிலம் ஆடினால் ஓடுங்கள்' என்பதும் அப்படியே. 2004இல் கண்டிக்கு அருகே பல்லேகலையில் உள்ள நடுக்கப் பதிகருவியின் பதிவுப்படி, எங்கள் தீவின் தரை 9 சென்ரிமீற்றருக்கும் மேலாக ஏறி இறங்கியது. அது மிக மெதுவான அசைவு. ஒருதடவை ஏறி இறங்கவே பல செக்கன்கள் பிடித்ததால், பெரும்பாலானோர் எதையும் உணரவில்லை. இயற்கை தரும் இரண்டு அடையாளங்களையும் முழுதாக நம்பியிருக்க முடியாத கரை இது. இதைச் சொல்ல அச்சமூட்டும் கதை எதுவும் தேவையில்லை, நிலம் எங்கே ஏறியது எங்கே இறங்கியது என்ற வரைபடமே போதும்.

அலையைச் செய்மதி பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தது. நடுக்கம் நடந்தது அப்போதைய இலங்கை நேரப்படி காலை 6.59க்கு. நாலாயிரம் மீற்றர் ஆழக் கடலில் அலை மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் போகும். இரண்டு மணி நேரம் முடியுமுன் எங்கள் கரைக்கு வந்துவிட்டது. ஏறத்தாழ அதே வேளையில், கடல் மட்டத்தை ராடாரால் அளக்கும் ஜேசன்-1 என்ற செய்மதி, தன் வழமையான பாதையில் இந்து சமுத்திரத்தைக் கடந்தது. அதன் பதிவில் ஆழ்கடலில் அலையின் உயரம் 60 சென்ரிமீற்றர் அளவில் இருந்தது. அகலமோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். தோணியில் இருந்தவர் உணர்ந்திருக்க வழியில்லை. ஆனால் அந்தப் பதிவு தரைக்கு வந்து, கணக்கிட்டு முடிய மணிக்கணக்கானது. தற்செயலாகக் கிடைத்த அந்த அளவு, பிற்பாடு கணினி மாதிரிகளைச் சரிபார்க்கப் பெரிதும் உதவியது. உயிர் காக்க உதவவில்லை. நிலம் உருமாறியதைச் செய்மதியால் அறிவது வேறு, அலை வருவதை முன்னறிவிப்பது வேறு. பின்னையது நடுக்கப் பதிகருவிகளாலும், கடலடி அழுத்தமானிகளாலும், கரையோர நீர்மட்டமானிகளாலும் நடக்கிறது. ஹைதராபாத்தில் 2007 ஒக்டோபரில் இயங்கத் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை நிலையம் அந்த வேலையைத்தான் செய்கிறது.

இனி ராடாருக்கு வருவோம். நில உருமாற்றம் என்றதும் இன்று ஆய்வாளர்கள் முதலில் கையில் எடுப்பது ராடார் குறுக்கீட்டு முறையைத்தான். செய்மதி தரையை நோக்கி ஓர் அலையை அனுப்புகிறது. அது பட்டுத் திரும்புகிறது. திரும்பி வரும் அலை அதன் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் செய்மதி குறித்துக்கொள்கிறது. சில நாள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடியும் குறிக்கிறது. இடையில் தரை நகர்ந்திருந்தால் அந்தக் கட்டம் மாறியிருக்கும். மருதமுனைக் கைத்தறியில் நெய்த மெல்லிய துணிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், இழைகள் சற்றே விலகிய இடங்களில், இரண்டு துணியிலும் இல்லாத வரிகள் தோன்றும். முந்திய பதிவையும் பிந்திய பதிவையும் அப்படி ஒப்பிடும்போது வண்ண வளையங்கள் கிடைக்கின்றன. 1992 ஜூன் 28இல் கலிபோர்னியாவின் லாண்டர்ஸ் பகுதியில் நடந்த நடுக்கத்தை, ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-1 செய்மதிப் பதிவுகளைக் கொண்டு பிரெஞ்சு ஆய்வாளர் மசோனே குழுவினர் இப்படி வரைந்து 1993இல் வெளியிட்டார்கள். அச்செய்மதியின் ராடார் அலை நீளம் 5.6 சென்ரிமீற்றர். போய்த் திரும்பும் பாதை இரட்டிப்பு என்பதால், ஒவ்வொரு வளையமும் தரை 2.8 சென்ரிமீற்றர் நகர்ந்ததைக் குறிக்கும். வானத்தில் ஏறத்தாழ 785 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அவ்வளவு நுட்பம்.

2015 ஏப்ரலில் நேபாளத்தில் கட்மண்டுப் பள்ளத்தாக்கை ஒட்டிய நிலம் ஒரு மீற்றரளவு உயர்ந்ததும், அதற்கு வடக்கே மலைத்தொடர் சற்றுத் தாழ்ந்ததும் இப்படித்தான் தெரியவந்தன. 2025 மார்ச் 28இல் மியன்மாரின் சகாயிங் பிளவு ஏறத்தாழ 500 கிலோமீற்றருக்குக் கிழிந்ததையும் செய்மதிகள் அளந்தன. அங்கே நிலம் பக்கவாட்டில் மீற்றர் கணக்கில் விலகியதால், முன்பின் படங்களில் வயல் வரப்பும் வீதியும் எத்தனை புள்ளி தள்ளிப்போயின என்று ஒப்பிட்டே கணக்கிட முடிந்தது.

அப்படியானால் 2004இல் நிக்கோபாரில் ராடாரை விட்டு முருகைக்கல்லை ஏன் நாடினார்கள்? அங்கே நிலம் எனத் தெரிவது சில தீவுகள், மற்றதெல்லாம் கடல். கடலடியை ராடார் பார்க்காது. தீவுகளும் அடர்ந்த காடு. சில சென்ரிமீற்றர் அலை நீளமுள்ள ராடார் இலையில் பட்டே திரும்பிவிடும். அடுத்த முறை செய்மதி வருவதற்குள் இலைகள் அசைந்து, உதிர்ந்து, புதிதாய்த் துளிர்த்திருக்கும். முந்திய பதிவோடு ஒட்டாது. வறண்ட கலிபோர்னியாவில் அழகாக விழுந்த வளையங்கள் ஈரக் காட்டில் விழுவதில்லை. எங்கள் தீவின் பெரும்பகுதிக்கும் இது பொருந்தும். கடலடி உயர்வை நேரே எவரும் காணவில்லை. தீவுகள், நடுக்கப் பதிவுகள், ஜேசன் அளந்த அலை, நிலையான ஜிபிஎஸ் நிலையங்கள் (தாய்லாந்தின் புக்கெட் 27 சென்ரிமீற்றரளவு மேற்கே நகர்ந்திருந்தது) எல்லாவற்றையும் சேர்த்து ஊகித்த வடிவம் அது. கிரேஸ் என்ற இரட்டைச் செய்மதியும் கைகொடுத்தது. ஒன்றன்பின் ஒன்றாக 220 கிலோமீற்றர் இடைவெளியில் பறந்த அவை, தங்களுக்கிடையிலான தூரம் மிக நுண்ணிய அளவில் மாறுவதைக் கொண்டு பூமியின் ஈர்ப்பை அளந்தன. நடுக்கத்தின் பின் அந்தமான் கடல் பக்கம் ஈர்ப்பு சிறிது குறைந்திருந்ததை அவை காட்டின. பாறை நெகிழ்ந்து விரிந்திருந்தது.

அழிவைக் காட்டுவதில் செய்மதிப் படத்துக்குத் தனி வல்லமை உண்டு. டிசம்பர் 26 காலையிலேயே களுத்துறைக் கரையிலிருந்து நீர் சுழன்று பின்வாங்குவதைக் குவிக்பேர்ட் செய்மதி படமெடுத்தது. உலகம் முழுதும் அதைப் பார்த்தது. உப்பேறிய வயலும் தோட்டமும் பச்சை இழந்து பழுப்பாவதும், கரை அரித்து முகத்துவாரம் அகல்வதும் மேலிருந்து தெளிவாகத் தெரியும். ஆனால் சுவர்கள் அடித்துப்போக, கூரை மட்டும் தூண்களில் நிற்கும் வீட்டை மேலிருந்து பார்த்தால் முழு வீடாகத் தெரியும். கிழக்குக் கரையெங்கும் வீட்டுக் கிணறுகள் உப்பாகின. எந்தப் படமும் அதைக் காட்டாது, வாளியை இறக்கி அள்ளிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பின்னர் கரையிலிருந்து வடக்குக் கிழக்கில் 200 மீற்றர், தெற்கு மேற்கில் 100 மீற்றர் என்று வீடு கட்டத் தடைக் கோடு போட்டார்கள், பிறகு தளர்த்தினார்கள். தண்ணீர் தரையின் உயரத்தைப் பார்த்துப் போகும், தூரத்தைப் பார்த்துப் போகாது. 2000இல் விண்ணோடம் அளந்த உலக உயர வரைபடத்தின் பிழையே சில மீற்றர். கல்முனையின் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்தறிய அது போதாது. நுட்பமான அளவை இல்லாமல் போட்ட கோட்டால் மக்கள் ஆண்டுக்கணக்கில் அலைக்கழிந்தார்கள் என்பது என் கருத்து.

2012 ஏப்ரல் 11 பிற்பகலையும் இங்கே சொல்லவேண்டும். சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுக்கம். எச்சரிக்கை வந்தது, கிழக்குக் கரை மக்கள் கரையை விட்டு உட்பக்கமாக ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. 'வீணாக ஓடவைத்தார்கள்' என்று பேசியவர்கள் உண்டு. வீண் அல்ல. அந்த நடுக்கத்தில் தகட்டின் பாகங்கள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் விலகின. கடலடி பெரிதாக எழும்பவில்லை, ஆகவே நீரும் பெரிதாக எழவில்லை. ஆனால் நிலம் மேலே எழுந்ததா பக்கவாட்டில் போனதா என்பது நடுக்கம் நடந்த கணத்தில் தெரியாது, பதிவுகளைப் பகுத்த பிறகே தெரியும். அந்த இடைவெளியில் ஓடுவதே சரி.

இனி எந்தப் பகுதியைக் கவனிக்கவேண்டும்? அகழியில் 2004இல் கிழிந்த அந்தமான், நிக்கோபார்ப் பகுதிதான் எங்களை நேராக நோக்குவது. அது மறுபடி பற்றிக்கொண்டு அழுத்தம் சேர்க்கத் தொடங்கும். தாய்லாந்தின் பிரா தோங் தீவில் மண்ணுக்குள் புதைந்த பழைய சுனாமி மணல் அடுக்குகள், முந்திய அத்தகைய அலை ஏறத்தாழ 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் வந்ததைக் காட்டுகின்றன. தெற்கே மென்தாவாய்த் தீவுப் பகுதி இன்னும் பெரிதாய் விடுபடக் காத்திருக்கிறது. ஆனால் அங்கே அகழி வளைந்து போவதால், எழும் விசை தென்மேற்கே திறந்த சமுத்திரத்தை நோக்கியே அதிகம் போகும். வடக்கே மியன்மாரின் அரக்கான் கரையையும் மறக்க முடியாது, அது 1762 நடுக்கத்தில் உயர்ந்தது.

இந்தப் பகுதிகளைக் காட்டைத் தாண்டிப் பார்க்க இப்போது ஒரு வழி உண்டு. 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செய்மதி, இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. அதன் ராடார்களில் ஒன்றின் அலை நீளம் 24 சென்ரிமீற்றர். அது இலையைத் தாண்டி அடிமரத்தையும் தரையையும் தொடும். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும். பெரிய நிக்கோபாரின் காடடர்ந்த தரை இப்போது ஆண்டுக்கு எத்தனை மில்லிமீற்றர் ஏறுகிறது, எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வானத்திலிருந்தே தொடர்ந்து பார்க்க அது வழி திறக்கிறது. அதன் பதிவுகளும் ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதிப் பதிவுகளும் எவருக்கும் இலவசம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே புவியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்று இரவே நிக்கோபாரின் இரண்டு பதிவுகளை இறக்கி ஒப்பிடத் தொடங்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.